கோணிய கழுத்துக்கு ஒத்தடம்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "நேராப்பாரு கடை எங்கே?" என்று கேட்டால் பால்காரர் முதல் தபால்காரர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். போட்டோக் கடை வைத்து இருபத்தாறு வருஷம். ஸ்டூலில் வந்து உட்காருபவர் கைக்குழந்தையானாலும் காவல்துறை அதிகாரியானாலும் அவர் சொல்லுவது ஒன்றுதான்: "நேராப் பாருங்க." பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, குனிந்து வாயைப் பார்த்த டாக்டரிடம் பழக்க தோஷத்தில் அதையே சொல்லி வைத்தார்.

கடைக்குள் ஒரு நீலத் துணி, ஒரு ஸ்டூல், ஆளுயரத்துக்கு இரண்டு பழைய விளக்குகள். நீலத் துணிக்குப் பக்கத்தில் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி. அச்சாகி வரும் படங்களைக் கத்தரிப்பது அவள் வேலை. வாடிக்கையாளர்களோடு அவள் பேசமாட்டாள். பேச வந்தால் வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இந்த ஊர்க்காரர்களின் முகம் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. யாருக்கு எந்தக் காது மேலே, யார் போன வருஷத்தைவிட இரண்டு சுற்றுப் பெருத்தார், யார் முடிக்கு மை பூசிக்கொண்டார், எல்லாம் கத்தரியின் நுனியில் கணக்காக இருக்கும்.

நேராப்பாருவுக்கு உலகத்தில் எதிரி என்று யாரும் இல்லை, சூட்டைத் தவிர. டீயில் ஆடை படியும்வரை அதன் பக்கமே திரும்பமாட்டார். அவர் வெந்நீர் என்று சொல்லுவது, வாசலில் வெயில் பட்டு வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரை. "மாமா ஐஸ்கிரீமையே நாலு தடவை ஊதிட்டுத்தான் வாயில வைப்பாரு" என்று அவருடைய மச்சினன், அவள் தம்பி, சொல்லுவான். அது பொய் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு விளக்குகளும் அடுப்பு மாதிரி எரியும். உட்காருபவர்கள் இரண்டு நிமிஷத்தில் வியர்த்து வடிவார்கள். "என்னண்ணே, இந்தச் சூடு சுடுது!" என்றால் அவர் விளக்குக்குப் பின்னால் நிழலில் நின்றுகொண்டு, "அது சூடு இல்லைங்க, வெளிச்சம்" என்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு நாளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் இருந்த மர பெஞ்சில் ஒரு கேமராப் பெட்டியைத் தலைக்கு வைத்து அவர் கண்ணயர்ந்தார். எழுந்தபோது கழுத்து எழவில்லை. இடது காது, இடது தோளிடம் ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. 

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஏன் நீ சாய்ஞ்சு நிக்கிற?"

அவள் கடாயில் கல் உப்பை வறுத்தாள். பழைய காலுறை ஒன்றில் கொட்டி முடிச்சுப் போட்டு, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பதமான சூடு என்று உறுதி செய்துகொண்டு எடுத்து வந்தாள். ஒத்தடம் கழுத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும்போதே, "ஆஹா, போதும் போதும், நல்லா இறங்கிடுச்சு!" என்று அவர் எழுந்து போய்விட்டார். இறங்கியது எதுவும் இல்லை. காலுறைதான் தரையில் விழுந்து உப்பு சிதறியது.

மறுநாள் திங்கட்கிழமை அவருக்குப் பெரிய வேலை. பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் தொண்ணூற்று நாலு பேருக்கு அடையாள அட்டைப் படம். அந்த வேலை வருஷா வருஷம் அவருக்குத்தான் வரும். இந்தத் தடவை எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், புதிதாக வாங்கிய மூன்று கால் கேமரா ஸ்டாண்டோடு போய் மேனேஜரிடம் அந்த வேலையைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்களும் நம்ம ஸ்டாண்டை எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கு எதுக்கு ஸ்டாண்டு? என் கழுத்துதான் ஸ்டாண்டு. இருபத்தாறு வருஷத்துல ஒரு நூல் சாய்ஞ்சிருக்கா?"

அவர்களுடைய ஸ்டாண்டு ஒரு கால் உடைந்து, குடை மாட்டுகிற வேலையில் இருந்தது. அவர் நீலத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாய்ந்தபடியே போய், சாய்ந்தபடியே வந்தார்.

சாயந்தரம் அச்சான படங்கள் திரைக்குப் பின்னால் வந்தன. முதல் படத்தை எடுத்த மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். முகம் நேராக இருந்தது. தோள் மட்டும் வலது பக்கம் சரிந்து இறங்கியது. இரண்டாவது படமும் அப்படித்தான். தொண்ணூற்று நாலு பேருக்கும் தலை நட்டு வைத்த மாதிரி நிமிர்ந்திருக்க, தோள்கள் எல்லாம் ஒரே சரிவில் கிடந்தன.

நடந்தது என்ன என்பது அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. கழுத்து சாய்ந்ததால் கேமராவும் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கேமரா வழியாகப் பார்த்தால் நேராக உட்கார்ந்திருந்தவர்கள் கோணலாகத் தெரிந்திருப்பார்கள். இவர் ஒவ்வொருவரிடமும், "தலையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ங்க, இன்னும் கொஞ்சம், ஆங், இப்பதான் நேரா இருக்கு" என்று சொல்லி இருப்பார். அவர்களும் பெரியவர் சொல்லுகிறாரே என்று சாய்த்திருப்பார்கள்.

படத்தைச் சாய்த்து வைத்துத் தோளுக்கு நேராகக் கத்தரித்துப் பார்த்தாள். தோள் சரியாயிற்று. தலை சாய்ந்துகொண்டது. தொழிற்சாலை முழுக்கச் சுவரில் காதை வைத்துப் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது.

"என்னங்க, தோளெல்லாம் சரிஞ்சிருக்கே" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர் படத்தை வாங்கி, சாய்ந்த தலையோடு பார்த்தார். "எனக்கு நேராத்தான் தெரியுது. வாளி தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப் போயிருக்கும். அது அவங்க தொழில். நாம என்ன பண்றது?"

செவ்வாய்க்கிழமை காலையில் படங்கள் போயின. மத்தியானமே மேனேஜர் வந்துவிட்டார். கண்ணாடி மேஜை மேல் படங்களை வரிசையாகப் பரப்பினார்.

"ஏங்க, என் ஃபாக்டரி என்ன மலைச்சரிவுலயா இருக்கு?"

"இல்லைங்களே, சமதளம்."

"அப்ப ஏன் எல்லாரும் பள்ளத்துல உருண்டு விழப் போறவங்க மாதிரி இருக்காங்க? பாருங்க, எங்க ஸ்டோர் கீப்பரம்மா. அந்தம்மா இந்தப் படத்தைப் பார்த்துட்டு, எனக்கு எப்ப வாதம் வந்துச்சுன்னு கேட்டு உட்கார்ந்து அழறாங்க."

திரைக்குப் பின்னால் நின்ற மனைவி, நேராப்பாருவின் பின்னங்கழுத்து சிவந்து போவதைப் பார்த்தாள்.

"பழகின மனுஷன்னு ஒரு வாய்ப்புத் தரேன்" என்றார் மேனேஜர். "வியாழக்கிழமை காலையில ஒன்பது மணி. திரும்ப எடுங்க. அன்னைக்கும் கோணலா இருந்தா, மன்னிச்சுக்கங்க, ஜெராக்ஸ் கடைக்காரர்தான். இன்னொண்ணு, இப்ப புது உத்தரவு. போட்டோ ஒட்டின பாஸ் இல்லாம யாரையும் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. இந்தாங்க பாஸ், உங்க போட்டோவை ஒட்டி எடுத்துட்டு வந்துடுங்க."

அவர் போனதும் நேராப்பாரு படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் கவிழ்த்து அடுக்கினார். ஊரே கூப்பிட்ட பெயர் ஒன்றுதான் அவருக்குச் சொத்து. அதற்கே வேட்டு. ஜெராக்ஸ் கடையில் இரண்டு பேர் அவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் காட்டிச் சிரித்தார்கள். அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு, "ஏம்மா, உண்மையிலேயே சாய்ஞ்சுதான் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நல்ல சூடு காட்டினா இறங்கிடும்."

"சூடு இல்லாம வேற ஏதாவது?"

"வேற எதுவும் இல்லை."

"சரி. சலூன்ல சுடுதண்ணித் துண்டு போடுவாங்க. போயிட்டு வரேன். வெளியாள் முன்னாடி நான் தைரியமா இருப்பேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த கத்தரியால் வாயைப் பொத்திக்கொள்ளப் போனாள். தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கிருதா இல்லை. மீசை இல்லை. கழுத்து மட்டும் போன மாதிரியே வந்திருந்தது.

பின்னாலேயே சலூன்காரர் ஓடி வந்தார். "அண்ணி, நீங்களே கேளுங்க. துண்டை எடுத்துட்டு வந்தா, முதல்ல முடியை வெட்டிடுங்கன்றாரு. வெட்டிட்டு வந்தா, தாடியை எடுங்கன்றாரு. அப்புறம் கிருதாவாம். அப்புறம் மீசையாம். எடுக்கறதுக்கு மூஞ்சில ஒண்ணும் பாக்கி இல்லைன்னதும், துண்டு ஆறிடுச்சு, நாளைக்கு வரேன்னு எழுந்துட்டாரு. புருவத்தை விட்டு வச்சதே என் புண்ணியம்."

"ரொம்ப பேசாதீங்க" என்றார் நேராப்பாரு. மீசை இல்லாத வாயிலிருந்து வந்ததால் அந்த அதட்டல் எடுபடவில்லை.

புதன்கிழமை காலையில் மச்சினன் ரப்பர் வெந்நீர்ப் பையோடு வந்தான். "மாமா, இது கையாலகூடத் தொட வேண்டாம். கழுத்துக்குப் பின்னாடி வச்சுட்டு சும்மா சாஞ்சுக்குங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கேன்."

"கொதிக்கக் கொதிக்கன்னு எதுக்கு ரெண்டு தடவை சொல்ற?"

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து, பை கழுத்தில் இருக்க, முகத்தில் ஒரு சாந்தத்தோடு வந்து உட்கார்ந்தார். "அருமை. சுடச் சுட இருக்கு. இறங்குறது தெரியுது."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு துளி வியர்வை இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். கழுவுகிற தொட்டியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. குழாயின் கீழே தரை ஈரம். திரும்பி வந்து பையைத் தொட்டாள். பச்சைத் தண்ணீர்.

"அக்கா, சூடு எப்படி?" என்றான் தம்பி.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். தம்பி முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. தம்பி போனதும் பையை உருவினாள்.

"இது உங்க கழுத்துங்க. யாரை ஏமாத்துறீங்க?"

அவர் பச்சைப் பிள்ளை மாதிரி விழித்தார். "எனக்கு முடியலைம்மா. பக்கத்துல வந்தாலே உசுரு தொண்டைக்கு வந்துடுது. போகட்டும், ஜெராக்ஸ்காரனே எடுக்கட்டும். நானும் வாளி ஃபாக்டரியில வேலைக்குச் சேர்ந்துடறேன். அதுக்கு வேண்டிய சாய்வு ஏற்கெனவே இருக்கு."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஸ்டூலும் நீலத் துணியும் இரண்டு விளக்குகளும் தெரியும். விளக்கின் தகரக் கூண்டில் ஒரு ஈ உட்கார்ந்து, கால் சுட்டு எழுந்து பறந்தது. காலையில் ஒரு வாடிக்கையாளருக்காகப் போட்ட விளக்கு, அணைத்து வெகு நேரமாகியும் ஆறாமல் இருந்தது. அவள் அந்த ஈயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வெளியே வந்தாள். "என்னங்க, எது எப்படிப் போனாலும் பாஸுக்கு உங்க போட்டோ வேணுமே."

"நாளைக்கு நான் போனாத்தானே பாஸு?"

"போகலைன்னு சொல்லவாவது கேட்டுக்குள்ள போகணும்ல?"

இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. இருபத்தாறு வருஷமாக ஊரையே படம் பிடித்தவரிடம் தன் படம் என்று ஒன்றுகூட இல்லை. "யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன்."

"நீயா? உனக்குக் கேமராவைப் பிடிக்கத் தெரியுமா?"

"நீங்க சொல்லிக் கொடுங்க."

சொல்லிக் கொடுப்பது என்றால் அவருக்கு வெல்லம். போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் முன்னால் ஒரு விளக்கைப் போட்டாள். இன்னொன்றைத் தரதரவென்று இழுத்து, அவர் முதுகுக்குப் பின்னால், கழுத்து மட்டத்துக்கு இறக்கி, ஒரு முழ தூரத்தில் வைத்தாள்.

"பின்னாடி எதுக்கு?"

"கல்யாணப் பொண்ணுங்களுக்கு முடி மின்னணும்னு நீங்க வைப்பீங்களே?"

"எனக்கு ஏது முடி? நேத்துத்தான் எல்லாம் போச்சே."

"இருக்கறது மின்னட்டும்" என்று சுவிட்சைத் தட்டினாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. அவர் நெளிந்தார். "ஏம்மா, பின்னாடி சுடுதே."

அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "அது சூடு இல்லைங்க, வெளிச்சம்."

அவர் எழப் போனார். சொந்த வார்த்தையை எப்படி மறுப்பது? உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவள் செய்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. மூடியைக் கழற்றாமல் கேமராவைக் கண்ணில் வைத்து, "ஒரே இருட்டா இருக்குங்க" என்றாள். கழற்றச் சொல்லிக் கொடுத்தார். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாள். திருத்தினார். பொத்தான் எது என்று கேட்டாள். காட்டினார். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். நடுவில் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து, "அசையாதீங்க, வெளிச்சம் மாறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

அவர் அசையவில்லை. வியர்வை நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்து, மீசை இருந்த இடத்தைத் தாண்டி ஓடியது. தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. முகத்தில் தூக்கம் மாதிரி ஒன்று படர்ந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "கையைக் கீழ இறக்கு. மூச்சைப் பிடி. ஏம்மா, இருபத்தாறு வருஷம் என்னோட இருந்து இதைக்கூடவா பார்க்கலை?"

எல்லாவற்றையும் பார்த்திருந்தவள், வேண்டுமென்றே கேமராவை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் நாலடி நகர்ந்தாள்.

"ஏய், சாய்ஞ்சிருக்கு!"

இன்னும் சாய்த்தாள். இன்னும் இரண்டடி நகர்ந்தாள்.

அவருக்கு வந்ததே கோபம்! தலையை வெடுக்கென்று தூக்கித் திருப்பி, "நேராப் பிடி!" என்று கத்தினார்.

கழுத்துக்குள் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவள் விரல் பொத்தானை அமுக்கியது.

அவர் தலையை மெல்ல வலது பக்கம் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். மேலே, கீழே. பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ நேரா நிக்கிற!"

"நான் எப்பவுமே நேராத்தாங்க நிக்கிறேன்."

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் தொழிற்சாலைக்குப் போனார்கள். நீலத் துணியைச் சுமக்க அவளும் வந்தாள். கேட்டில் காவலாளி பாஸை வாங்கிப் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தது ஒரு பெரிய திறந்த வாயும், அதைச் சுற்றிக் கொஞ்சம் முகமும்.

"இது நீங்களா?"

"நான்தான்."

"அடையாளம் தெரியலையே. வாயைத் திறங்க பார்ப்போம்."

நேராப்பாரு வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா. அப்படியே என்னை நேராப் பாருங்க."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவரிடம் ஒருவர் சொன்னார். அவர் நேராகப் பார்த்தார். "சரி, போங்க" என்றார் காவலாளி.

மனைவிக்குப் பாஸ் இல்லை. துணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வராந்தாவில் வரிசை நன்றாகத் தெரிந்தது. முதலில் ஸ்டோர் கீப்பரம்மா வந்து உட்கார்ந்தார். நேராப்பாரு கேமராவைத் தூக்கியதும், அந்தம்மா தானாகவே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ஏங்க சாய்க்கறீங்க?"

"நீங்கதானே போன தடவை இப்படித்தான் நேருன்னு சொன்னீங்க? வீட்டுல கண்ணாடி முன்னாடி ரெண்டு நாளா பழகிட்டு வந்திருக்கேன்!"

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கற்றுக்கொண்ட பாடத்தை மறக்காமல், மிச்சம் தொண்ணூற்று மூன்று பேரும் காத்தடித்த நாற்று மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜரும்கூட. கேட்டுக்கு வெளியே இருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஒவ்வொரு தலையையும் கையால் பிடித்து நிமிர்த்தி, "நேராப் பாருங்க, நேராப் பாருங்க" என்று கத்திக் கத்தி, வேலை முடியும்போது மத்தியானச் சங்கு ஊதிவிட்டது.

அன்று சாயந்தரம் அவள் கத்தரித்த படங்களில் ஒரு தோள்கூடச் சரியவில்லை. மேனேஜர் கடைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் நீங்களே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கடையில் யாரும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

நேராப்பாரு டீயை எடுத்து, ஆடை படியும்வரை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். இங்கும் அங்கும் பார்த்தார். பாஸை எடுத்து நீட்டினார்.

"ஏம்மா, இந்தப் படம் அவ்வளவு நல்லா வரலை. வாய் ஒண்ணுதான் தெரியுது. இன்னொண்ணு எடுத்துடலாமா?"

அவள் பதில் சொல்லுவதற்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பின்னாடி விளக்கையும் போடு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "வெளிச்சம் பத்தலை."